எண்ணப்படாத ஐம்பது பேர்

2018-இல் சித்தூர் மக்களவை உறுப்பினர் நாரமல்லி சிவபிரசாத் நாடாளுமன்ற வளாகத்துக்கு ஒரு நாள் நாரதராக வந்தார். இன்னொரு நாள் சத்ய சாயிபாபாவாக, பிறகு ராமராக, ஹிட்லராக வந்தார். ஒவ்வொரு வேடத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: மாநிலப் பிரிவினைக்குப் பின் ஆந்திரத்துக்குத் தருவதாகச் சொன்ன சிறப்பு அந்தஸ்து எங்கே? சிவபிரசாத் மருத்துவர், திரைப்பட நடிகர், தெலுங்கு தேசம் சார்பில் இரண்டு முறை வென்றவர். டெல்லி ஊடகங்களுக்கு அவருடைய வேடம் அன்றைய துணுக்குச் செய்தியாக இருந்தது. திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த சித்தூர் மக்களுக்கு அது வேறாகத் தெரிந்தது. ஊர்ப் பொதுவில் முறையிட்டு முடியாதபோது கூத்தில் சொல்வது இந்த வட்டாரத்துப் பழக்கம். பல லட்சம் பேரின் வாக்குப் பெற்ற ஒருவர், பேசுவதற்கென்றே கட்டப்பட்ட மண்டபத்துக்கு வெளியே அரிதாரம் பூசி நிற்கவேண்டி வந்ததே என்ற வருத்தம் எனக்கு அன்று வந்தது. இன்னும் போகவில்லை.

அவர் ஏன் அங்கே நின்றார் என்பதற்கு நான்கு ஆண்டுக் கதை இருக்கிறது. 2014 பிப்ரவரி 20 அன்று மாநிலங்களவையில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங், பிரிந்து எஞ்சும் ஆந்திரத்துக்கு ஐந்து ஆண்டு சிறப்பு அந்தஸ்து என்று அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று திருப்பதி தாரகராமா மைதானத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் நரேந்திர மோடியும் சந்திரபாபு நாயுடுவும் பவன் கல்யாணும் ஒரே மேடையில் இருந்தார்கள். ஏழுமலையான் காலடியில் நின்று கொடுத்த வாக்கு என்று இந்த ஊரார் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

2015 அக்டோபர் 22, விஜயதசமி. பிரதமர் மோடி அமராவதியில் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். நாடாளுமன்ற வளாகத்து மண்ணையும் யமுனை நீரையும் கலசங்களில் கொண்டுவந்து ஒப்படைத்தார். அன்றே திருப்பதி விமான நிலையத்தின் புதிய முனையத்தைத் திறந்துவைத்துத் திருமலைக்கும் சென்றார். சிறப்பு அந்தஸ்து பற்றிய அறிவிப்பு வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அன்று கிடைத்தவை மண்ணும் நீரும். மறுநாளிலிருந்தே எதிர்க்கட்சிகள் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டின. மூன்றாண்டுக்குள் தெலுங்கு தேசமும் அதையே சொல்லத் தொடங்கியது. 2018 ஏப்ரல் 30 அன்று சந்திரபாபு நாயுடு அதே திருப்பதி மைதானத்தில் கூட்டம் போட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே மோடி பேசிய ஒளிப்பதிவுகளைத் திரையில் ஓட்டிக் காட்டினார்.

சிறப்பு அந்தஸ்து தந்திருக்க வேண்டுமா என்பதில் இரு பக்கமும் வாதம் உண்டு. பதினான்காவது நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு அந்த ஏற்பாடே வழக்கொழிந்தது என்றது மத்திய அரசு. அவையில் பிரதமர் கொடுத்த வாக்கை அடுத்த பிரதமர் காப்பாற்ற வேண்டும் என்றது ஆந்திரம். இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. அந்த வாதத்தை எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கென்று நாட்டில் இருக்கும் இடம் நாடாளுமன்றம். அது அந்த வேலையைச் செய்ததா?

2018 மார்ச்சில் தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் மோடி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குத் தனித்தனியே அறிவிப்புக் கொடுத்தன. மக்களவை விதி 198 இதற்கு வழி சொல்கிறது. சபாநாயகர் தீர்மானத்தைப் படிப்பார். ஆதரிப்பவர்களைத் தம் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்வார். ஐம்பது பேருக்குக் குறையாமல் எழுந்தால் விவாதத்துக்கு நாள் குறிப்பார். தேவை அவ்வளவுதான். ஆதரவாளர்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தார்கள் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நாள்தோறும் அவை கூடியது. தெலங்கானா ராஷ்டிர சமிதியும் அ.தி.மு.க.வும் மையப்பகுதிக்கு வந்து முழக்கமிட்டன. சபாநாயகர் சுமித்ரா மகாஜன், அவையில் ஒழுங்கு இல்லாததால் தலைகளை எண்ண முடியவில்லை என்று ஒத்திவைத்தார். எதிர்க்கட்சியினர் எண்கள் எழுதிய அட்டைகளைக் கையில் உயர்த்திப் பிடித்தும் பார்த்தார்கள். ஏப்ரல் 6 அன்று கூட்டத்தொடர் முடியும்வரை அந்த ஐம்பது பேர் எண்ணப்படவே இல்லை.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றை நேராகப் பார்க்கவேண்டும். அ.தி.மு.க. உறுப்பினர்கள் முழக்கமிட்டது காவிரி மேலாண்மை வாரியத்துக்காக. 2018 பிப்ரவரி 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்று என்ற அந்தக் கோரிக்கை நியாயமானது. எனினும் அதன் விளைவு, ஆந்திரத்தின் நியாயத்தை அவை கேட்காமல் போனது. தமிழ்நாட்டின் வழக்கும் அதனால் ஓர் அடி முன்னேறவில்லை. இரண்டு மாநிலங்களின் குறையும் ஒரே கூச்சலில் மூழ்கின. எல்லையின் இரு பக்கமும் உறவினர் கொண்ட சித்தூர், நகரி, சத்தியவேடு தமிழர்களுக்கு அது இரட்டை இழப்பு.

இதே வாரங்களில் அந்த அவையால் வேறு ஒன்றைச் செய்ய முடிந்தது. மார்ச் 14 அன்று, அதே கூச்சலுக்கு நடுவே, 99 மானியக் கோரிக்கைகளையும் நிதி மசோதாவையும் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நிறைவேற்றியது. நாட்டின் ஓராண்டுச் செலவுக்கு ஒப்புதல் கொடுக்க ஒழுங்கு தேவைப்படவில்லை. ஐம்பது பேரை எண்ணத்தான் ஒழுங்கு தேவைப்பட்டது. சம்பிரதாயத்தின் மீது மக்களுக்கு வரும் எரிச்சலுக்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. விதியும் வழக்கமும் எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தினால் கால தாமதத்தைக்கூட மக்கள் பொறுப்பார்கள். அரசுக்கு வேண்டியபோது வளைந்து, அரசைக் கேள்வி கேட்கும்போது இறுகும் வழக்கத்தை எப்படிப் பொறுப்பது?

கூட்டத்தொடரின் கடைசி நாளில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் ஐந்து உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். திருப்பதி உறுப்பினர் வரபிரசாத் ராவ் அவர்களில் ஒருவர். மதனப்பள்ளி, பீலேரு பகுதிகளை உள்ளடக்கிய ராஜம்பேட்டையின் மிதுன் ரெட்டி இன்னொருவர். ஜூனில் விலகல்கள் ஏற்கப்பட்டன. பொதுத்தேர்தலுக்கு ஓராண்டுக்கும் குறைவாக இருந்ததால் இடைத்தேர்தல் நடக்கவில்லை. 2019 மே வரை திருப்பதிக்கு மக்களவையில் ஆளில்லை. விலகியவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் பதவி விலகல் நம் அரசியலில் ஒரு சடங்காகிவிட்டது. அது தலைவர்களைத் தியாகிகளாக்குகிறது, வாக்காளர்களை ஊமையாக்குகிறது. ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் வீணான 23 நாள் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதாக அறிவித்ததும் இதே வகைதான். திருப்பதிக்காரருக்கு வேண்டியிருந்தது விவாதம். யாருடைய சம்பளமும் அல்ல.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒருவழியாக ஜூலை 20 அன்று விவாதத்துக்கு வந்தது. சித்தூர் மாவட்டத்துக் கல்லா குடும்பத்தைச் சேர்ந்த, குண்டூரின் உறுப்பினர் ஜெயதேவ் விவாதத்தைத் தொடங்கி வைத்தார். புள்ளிவிவரங்களோடு ஆந்திரத்தின் குறைகளை அடுக்கினார். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் தீர்மானம் 325-க்கு 126 என்று தோற்றது. அந்த நாளிலிருந்து நாடு நினைவில் வைத்திருப்பது ராகுல் காந்தி பிரதமரைக் கட்டியணைத்ததையும், பிறகு கண் சிமிட்டியதையும்தான். ஜெயதேவ் என்ன கேட்டார், அரசு எதற்குப் பதில் சொன்னது என்பதை இன்று யாரிடம் கேட்டாலும் தெரியாது.

இந்த வட்டாரத்துக்கு இது கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மக்களவையின் சம்பிரதாயங்கள் உருவான காலத்தில் அவற்றை உருவாக்கிய கைகளில் ஒன்று திருச்சானூரிலிருந்து போனது.

மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் 1891 பிப்ரவரி 4 அன்று திருச்சானூரில் பிறந்தார். திருப்பதியில் பள்ளிப்படிப்பு, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம், பிறகு சட்டம். 1915-இல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1934-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். வெள்ளைக்கார அரசின் ஆசனங்களை ஓயாமல் தாக்கிப் பேசியதால் ‘எம்டன்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு அமைந்தது. தனிநபர் சத்தியாக்கிரகத்திலும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். 1952 தேர்தலில் திருப்பதியிலிருந்தும் 1957-இல் சித்தூரிலிருந்தும் மக்களவைக்குப் போனார். சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைக்கு முதல் துணை சபாநாயகர் அவர்தான்.

அவருடைய வாழ்க்கையிலிருந்து மூன்று செய்திகள் இங்கே வேண்டும். முதலாவது, 1950-இல் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழு அமைந்தபோது அதன் முதல் தலைவராக அவர் இருந்தார். அரசு கேட்கும் பணத்தைத் துறைதுறையாகப் பிரித்து, இவ்வளவு எதற்கு என்று கேட்கும் குழு அது. அடிமை நாட்டின் சட்டசபையில் கேள்வி மட்டுமே கேட்க முடிந்த ஒருவர், சுதந்திர நாட்டில் கணக்குக் கேட்கும் அமைப்பின் தலைவரானார்.

இரண்டாவது, 1954 டிசம்பர் 18. சபாநாயகர் மவ்லங்கரைப் பதவி நீக்கக் கோரும் தீர்மானம் மக்களவையில் விவாதத்துக்கு வந்தது. தன் மீதான தீர்மானத்தின்போது சபாநாயகர் தலைமை ஏற்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 96-ஆவது பிரிவு. மவ்லங்கர் ஆசனத்திலிருந்து விலகினார்; துணை சபாநாயகர் ஐயங்கார் அமர்ந்தார். காங்கிரசுக்குப் பெரும்பான்மை இருந்தது, தீர்மானம் தோற்றது. ஆனால் அவையின் மிக உயர்ந்த ஆசனத்தில் இருப்பவர் மீதும் குற்றச்சாட்டு சொல்லலாம், அதைச் சொல்ல நேரம் தருவார்கள், விசாரிக்கும் இடத்தில் வேறொருவர் அமர்வார் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

மூன்றாவது, 1956 பிப்ரவரி 27 அன்று மவ்லங்கர் காலமானார். அவை தலையில்லாமல் நிற்கவில்லை. துணை சபாநாயகர் பொறுப்பேற்றார். மார்ச் 8 அன்று அவரே சபாநாயகரானார். 46 ஆண்டு கழித்து இதுவே மறுபடி நடந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த சபாநாயகர் ஜி.எம்.சி. பாலயோகி, தெலுங்கு தேசத்துக்காரர், 2002 மார்ச் 3 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். புதியவர் தேர்வாகும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் அவையை நடத்தியவர் துணை சபாநாயகர் பி.எம். சயீத். வாஜ்பாய் ஆட்சியில் அவர் காங்கிரஸ் உறுப்பினர்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்றைய நிலை. 2019 ஜூன் முதல் 2024 ஜூன் வரை இருந்த 17-ஆவது மக்களவை ஒரு துணை சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்காமலே தன் காலத்தை முடித்தது. வேறெந்த மக்களவைக்கும் அப்படி நேர்ந்ததில்லை. 2024 ஜூனில் வந்த 18-ஆவது அவையும் ஓராண்டு கடந்தும் அந்த இடத்தை நிரப்பவில்லை. அரசியலமைப்பின் 93-ஆவது பிரிவு, மக்களவை கூடிய விரைவில் இரண்டு உறுப்பினர்களைச் சபாநாயகராகவும் துணை சபாநாயகராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. இருவரையும் ஒரே வாக்கியத்தில் வைத்துச் சொல்கிறது. சபாநாயகர் விலக விரும்பினால் விலகல் கடிதத்தைத் துணை சபாநாயகரிடம்தான் கொடுக்க வேண்டும் என்கிறது 94-ஆவது பிரிவு. பெற்றுக்கொள்ள ஆளில்லாத கடிதத்தை யாரிடம் கொடுப்பது? இரண்டு பதவிகளும் ஒருசேரக் காலியானால் குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினர் அவையை நடத்துவார் என்பது 95. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படுபவர். ஆகவே அவை தானே தேர்ந்தெடுத்து வைத்திருக்கவேண்டிய ஒருவருக்குப் பதில், அரசு சொல்லும் ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்வார். மாற்றுத் தலைவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறதே என்பார்கள். சபாநாயகர் வராத நாளில் அவையை நடத்தத்தான் அந்தப் பட்டியல். பதவி காலியானால் அது உதவாது.

துணை சபாநாயகர் பதவி எதிர்க்கட்சிக்கு உரியது என்று காங்கிரஸ் இன்று வாதாடுகிறது. வரலாற்றை நேர்மையாகப் பார்த்தால் அந்த மரபு அவர்கள் சொல்லும் அளவுக்கு உறுதியானதல்ல. ஐயங்காரே ஆளும் கட்சிக்காரர். அவரை அடுத்து வந்த அகாலித் தலைவர் ஹுக்கம் சிங் முதல் விலக்கு. அறுபதுகளில் காங்கிரஸ்காரர்களே மறுபடி அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து 1980-இல் தி.மு.க.வின் ஜி. லட்சுமணன், 1985-இலும் 2014-இலும் அ.தி.மு.க.வின் மு. தம்பிதுரை வந்தபோது அவர்கள் கட்சிகள் டெல்லி அரசுக்கு நெருக்கமாகவே இருந்தன. 1991 முதல் 2014 வரை ஏறக்குறைய இடைவிடாமல் எதிர்வரிசைக்காரர் அந்த இடத்தில் இருந்தார். நரசிம்மராவ் காலத்தில் பா.ஜ.க.வின் மல்லிகார்ஜுனையா, மன்மோகன் காலத்தில் அகாலி தளத்தின் அட்வால், பா.ஜ.க.வின் கரியா முண்டா. அது நல்ல மரபு, காக்கத்தக்கது. என்றாலும் எதிர்க்கட்சிக்குத் தருவது மரபு, ஆளை நியமிப்பது சட்டம். மரபில் சண்டை இருப்பதைக் காட்டிச் சட்டத்தைத் தள்ளிப்போட முடியாது. முன்பு 1998-இல் ஏறத்தாழ ஒன்பது மாதம் இழுத்ததே பெரிய தாமதமாகப் பேசப்பட்டது. இப்போது ஒரு முழு அவையின் ஆயுளே கடந்துபோனது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதுபற்றி மத்திய அரசுக்கும், துணை சபாநாயகர் இல்லாத ஐந்து மாநிலச் சட்டமன்றங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அதன் பிறகும் நாற்காலி காலிதான்.

இந்த ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் விழாக்களுக்குக் குறை இருந்ததா? இல்லை. 2023 மே 28 அன்று புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஆதீனங்கள் தேவாரம் ஓத, சபாநாயகர் ஆசனத்தின் பக்கத்தில் செங்கோல் நிறுவப்பட்டது. குடியரசுத் தலைவரை அழைக்கவில்லை என்று 19 எதிர்க்கட்சிகள் கூட்டறிக்கை விட்டுப் புறக்கணித்தன. 2024 ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு உரையாற்ற வந்தபோது செங்கோல் அவர் முன்னே ஏந்திச் செல்லப்பட்டது. 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் அதை அளித்தது நடந்த செய்தி. அது பிரிட்டிஷார் வழியாக நடந்த அதிகாரபூர்வ ஆட்சி மாற்றச் சடங்கு என்பதற்குத் தக்க சான்று காட்டப்படவில்லை. தமிழ் மரபில் செங்கோல் பெருமைக்குரியதுதான். ஆனால் நம் இலக்கியம் செங்கோலைப் போற்றும் இடமெல்லாம் குடிகளின் முறையீட்டைக் கேட்கும் அரசனையே போற்றுகிறது. கேட்காதவன் கையில் இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

அந்தப் புதிய கட்டடத்தில் 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்கள் வெளியே இருந்தபோதே மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் நிறைவேறின. நாட்டின் தண்டனைச் சட்டமே மாறியது. முதல் மக்களவை 677 நாள் கூடியது. 17-ஆவது மக்களவை 274 நாள். ஐந்தாண்டை முழுமையாக முடித்த அவைகளில் இதுவே குறைந்தது. கூடும் நாள் குறைகிறது, கூடும் நாளின் அலங்காரம் கூடுகிறது.

பட்ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். அச்சு வேலைக்கு முன் நிதியமைச்சகத்தில் அல்வா கிண்டுகிறார்கள். எல்லாத் தொலைக்காட்சியிலும் வருகிறது. 2019-இல் பெட்டிக்குப் பதில் சிவப்புத் துணிக் கட்டு வந்தது. அன்று முழுவதும் அதுவே பேச்சு. 2023 மார்ச் 23 அன்று ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கான மானியங்கள் விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறின. அதைப் பற்றி எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு பேச்சும் எழவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

சடங்கு என்றாலே வெறுப்பவன் அல்ல நான். திருப்பதியில் வாழ்கிறவர் எவரும் அப்படி இருக்க முடியாது. திருமலையில் நாள்தோறும் தோமாலை சேவைக்குப் பின் கொலுவு நடக்கிறது. கொலுவு ஸ்ரீநிவாசமூர்த்தியை ஸ்நபன மண்டபத்தில் ஆசனத்தில் எழுந்தருளப் பண்ணுகிறார்கள். அன்றைய பஞ்சாங்கம் படிக்கிறார்கள். பிறகு முந்தைய நாள் உண்டியல் வரவு உள்ளிட்ட கணக்கைச் சுவாமியின் முன் படித்துக் காட்டுகிறார்கள். குடையும் ஆசனமும் மந்திரமும் எல்லாம் உண்டு. அவற்றின் நடுவே கணக்கு இருக்கிறது. கணக்கைப் படிக்காமல் கொலுவு முடிந்தது என்று எந்த அர்ச்சகரும் சொல்லமாட்டார். நாடாளுமன்றத்தின் பட்ஜெட் சடங்கில் அந்த நடுப்பகுதிதான் கழன்றுபோயிருக்கிறது.

பழைய சம்பிரதாயமெல்லாம் நல்லது, புதியவை மட்டும் கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. ஐயங்கார் சபாநாயகராக இருந்தபோது நடந்த ஒன்று இன்றும் எனக்கு ஒப்பவில்லை. ஆச்சாரிய கிருபளானியை இழிவுபடுத்தி எழுதியதற்காக ‘பிளிட்ஸ்’ ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியாவை 1961 ஆகஸ்ட் 29 அன்று மக்களவை வாயிலில் நிறுத்திக் கண்டித்தார்கள். எழுதியது தரமற்றது, மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆசிரியரைக் குற்றவாளியாக நிறுத்தி, குற்றம் சாட்டியவர்களே நீதிபதிகளாக அமர்ந்து கண்டிப்பது பிரிட்டிஷ் காமன்ஸ் சபையிடம் இரவல் வாங்கிய வழக்கம். நம் அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவு அந்தச் சபையின் உரிமைகளையே நம் அவைக்கும் கொடுத்திருந்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் காமன்ஸ் என்ற பெயரை எடுத்துவிட்டது; அதிகாரம் அப்படியே இருக்கிறது. வெள்ளையர் அவையில் எம்டனாக முழங்கியவர் அந்த வெள்ளையர் வழக்கத்தை நிறைவேற்ற நேர்ந்தது எனக்கு வருத்தமான செய்தி.

மாற்ற முடியாது என்று எதுவும் இல்லை. 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது குடியரசுத் தலைவர் ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் உரையாற்ற வேண்டும் என்று 87-ஆவது பிரிவு சொன்னது. ஓராண்டிலேயே அது வீண் சுமை என்று தெரிந்தது. 1951-இல் முதல் திருத்தத்திலேயே, தேர்தலுக்குப் பின் வரும் முதல் கூட்டத்தொடர், ஆண்டின் முதல் கூட்டத்தொடர் என்று குறைத்துவிட்டார்கள். அப்போது துணை சபாநாயகர் ஐயங்கார். வெள்ளைக்காரன் வசதிக்காக மாலை ஐந்து மணிக்கு வைத்திருந்த பட்ஜெட் உரையை 1999-இல் யஷ்வந்த் சின்ஹா காலை பதினொரு மணிக்கு மாற்றினார்; வானம் இடிந்துவிடவில்லை.

இப்போது வேண்டியவை இரண்டு சிறு திருத்தங்கள். அரசியலமைப்பைத் தொடவேண்டியதே இல்லை, மக்களவையின் நடைமுறை விதிகளில் செய்துவிடலாம். துணை சபாநாயகர் தேர்தலைச் சபாநாயகர் குறிக்கும் நாளில் நடத்தலாம் என்கிறது விதி 8. அதில் நாள் வரம்பு இல்லை. புதிய அவை கூடிய அறுபது நாளுக்குள் என்று அங்கே எழுதவேண்டும். விதி 198-இல், அவையில் கூச்சல் இருந்தால் ஆதரவாளர்களின் கையெழுத்தைப் பெற்று அன்றே எண்ணி முடிக்க வேண்டும் என்று சேர்க்கவேண்டும். சபாநாயகரைப் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் கைபிடித்து அழைத்துப்போய் அமர்த்தும் வழக்கம் தாராளமாக இருக்கட்டும். செங்கோலும் இருக்கட்டும்.

2024 தேர்தலில் சித்தூரில் தெலுங்கு தேசத்தின் தக்குமள்ள பிரசாத ராவ் வென்றார். திருப்பதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் மத்தில குருமூர்த்தி வென்றார். ஒருவர் மத்திய ஆளும் கூட்டணியில், மற்றவர் அதற்கு வெளியே. முன்னவரின் கட்சிக்குப் பாலயோகியின் நினைவு இருக்கவேண்டும். அவர் இறந்தபோது ஆசனத்தைக் காத்தவர் எதிர்க்கட்சிக்காரர். பின்னவரின் கட்சி, எண்ணப்படாத ஐம்பது பேரில் தானும் இருந்ததை மறந்திருக்காது. முதல் துணை சபாநாயகரை அனுப்பிய இரண்டு தொகுதிகளின் உறுப்பினர்கள் இவர்கள். சித்தூர், திருப்பதி வாக்காளர்கள் தமிழிலோ தெலுங்கிலோ ஒரு கடிதம் எழுதி, துணை சபாநாயகர் தேர்தல் எப்போது என்று அவையில் கேட்கும்படி இருவரிடமும் சொல்லவேண்டும்.